வாட்டம் இல்லாத கால்வாய்

அலங்காநல்லூர்ப் பக்கம் பெரியாறு பிரதானக் கால்வாயைப் பார்த்தே வளர்ந்த நமக்குக் கால்வாய் என்றாலே பாசனம்தான். தண்ணி திறந்தால் நாற்றங்கால் போடுவோம். வடக்கே கடற்கரை ஓரம் இயற்கை விவசாயத்துக்கு நிலம் தேடுகிறவர்களும் இதே நினைப்பில், "பக்கத்துலயே பக்கிங்காம் கால்வாய் ஓடுது, தண்ணிக்கு என்ன குறை" என்று எண்ணிவிடக் கூடும். அந்தத் தண்ணியை வயலுக்குப் பாய்ச்சினால் வயல் போச்சு. ஏன்னு தெரிய, அது எதற்காக வெட்டிய கால்வாய் என்று பார்க்கணும்.

பாசனக் கால்வாய்க்கு வாட்டம் வேணும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அது தானாக ஓட வேண்டும். படகுக் கால்வாய்க்கு அந்த வாட்டமே எதிரி. ஓட்டம் இருந்தால் திரும்பி வரும் படகை எதிர்நீரில் இழுக்க வேண்டியிருக்கும். அதனால் கடலுக்கு இணையாக, சமமட்டத்தில், இருக்கிற காயல்களையும் கழிகளையும் இணைத்து வெட்டினார்கள். தண்ணி ஆற்று முகத்துவாரங்கள் வழியாக ஓதத்தில் ஏறி வருவது. ஆறு குறுக்கிடும் இடங்களில் மட்டத்தைக் காக்க 'லாக்' எனப்படும் கதவுகள். ஆக, ஆரம்பத்திலிருந்தே அது உப்புத்தண்ணிதான்.

முதல் துண்டு 1806-இல், சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல். பணம் போட்டவர் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி. பிறகு அரசு எடுத்துக்கொண்டு, வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சம், தெற்கே மரக்காணம் வரை நீட்டியது. மொத்தம் சுமார் 420 கி.மீ.; தமிழ்நாட்டில் 163 கி.மீ. வடக்கே கிருஷ்ணா டெல்டாக் கால்வாய்களோடும் இணைப்பு உண்டு. நெல்லும் விறகும் உப்பும் கிளிஞ்சலும் சென்னைக்கு வந்தது இந்த வழியில்தான். காற்று இருந்தால் பாய், இல்லையென்றால் கோல் ஊன்றுவார்கள், அல்லது கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். ஒரு சொட்டு டீசல் கிடையாது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு 1877-78-இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. 1877 தொடக்கத்தில் சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஓர் ஆளுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார்கள். மண்வெட்டி பிடிக்கிற உடம்புக்கு இது எந்த மூலைக்கு? சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதிய பிறகே கூடியது. நம்ம பெரியாறு அணைத் திட்டத்தை வேகப்படுத்தியதும் அதே பஞ்சம்தான். அந்த அணை 1895-இல் திறந்தது.

ரயிலும் லாரியும் வந்ததும் படகுகள் குறைந்தன. 1965, 1966 புயல்களில் கரைகள் சிதைந்தன. சென்னைக்குள் சாக்கடை கலந்தது, பறக்கும் ரயிலின் தூண்களும் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. ஆனால் 2004 சுனாமியில் ஏறி வந்த கடல்நீரில் ஒரு பகுதியை இந்தப் பள்ளம் வாங்கிக்கொண்டதால், பின்னால் இருந்த பல ஊர்களுக்குச் சேதம் குறைந்தது. யாரும் திட்டமிடாத உபயோகம். மழைக்காலத்தில் தென்சென்னை வெள்ளம் கோவளம் கழி வழியாகக் கடலுக்குப் போவதற்கும் இதுவே வழி.

இனி நிலம் தேடுகிறவர்களுக்கு. கடலோர மணலில் நல்ல தண்ணி உப்புத்தண்ணியின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது கணக்கு. அதே கணக்கில், மோட்டார் போட்டு மட்டத்தை 1 அடி இறக்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். அங்கே ஆழ்துளைக் கிணறு ஆபத்து. ஆழம் குறைந்த திறந்த கிணறும், மழைநீரைத் தேக்கும் குட்டையும்தான் சரி.

தண்ணிப் பரிசோதனைக்குச் சித்திரை, வைகாசியில் எடுங்க. ஐப்பசியில் எடுத்த தண்ணி ஏமாத்தும். மண்ணின் இ.சி. 3-ஐத் தாண்டினால் பொதுவாக நெல் மகசூல் குறைய ஆரம்பிக்கும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, களர்பாலை, குழியடிச்சான் மாதிரி ரகங்களை முதலில் அரை ஏக்கரில் போட்டுப் பாருங்க.