ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்றாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

திசையன்விளைப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தோட்டம் போட்டுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறாய், வேலியோரம் முழுக்க ஆவாரை வைக்கப் போகிறாய் என்று அறிந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் நீ அனுப்பிய வரைபடத்தில் செடிக்குச் செடி சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொழிலுக்குப் புதிதாக வருகிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நாம் ஆற்றுப்பக்கத்து ஆட்கள். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் கார், பிசானம் என்று நமக்கு வருஷம் ஓடிவிடும். செடி வாடினால் தண்ணீர் விடுவது கைப்பழக்கம். அதே கையோடு திசையன்விளையின் தேரிச் செம்மணலில் இறங்கினால் ஆவாரை கெட்டுப்போகும். தினமும் மேலாகக் கிடைக்கிற ஈரத்துக்கு வேர் மேலேயே பரவும், ஆழம் போகாது. ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும். காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் காற்று அங்கே மழையைத் தராது, இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோகும். அந்த நேரத்தில் மோட்டார் பழுதானால் தோட்டமே போச்சு. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஆணிவேரைக் கீழே இறக்கிவிடு. மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்குப் பாக்கெட் கன்று உதவாது. பாக்கெட்டின் அடியில் ஆணிவேர் சுருண்டுகொள்ளும், நட்ட பிறகும் அந்தச் சுருள் அவிழாது. விதையாகவே போடு. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ரோட்டோரச் செடிகளில் பழுப்பேறிய நெற்றுகளைப் பறித்துக்கொள். கையால் கசக்கினால் உடைந்துவிடும். விதைத்தோல் கெட்டி என்பதால் அப்படியே போட்டால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடு. காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுத்துக்கொள். மிச்சத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவை. ஐப்பசியில், மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு, குழிக்கு மூன்று விதை, விரல் நுனி ஆழத்தில் போடு. மார்கழியில் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தரையோடு கிள்ளிவிடு. பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். முதல் வருஷம் மழை பொய்த்தால் மட்டும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை குடம் நிறைய ஊற்று, அது போதும்.

குழியைப் பள்ளத்தில் எடுக்காதே. வறண்ட சீமை என்று நாம் சொல்கிற இந்த வட்டாரத்தில்தான் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை அப்படிக் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! ஆவாரை காய்ச்சலைத் தாங்கும், வேரில் தேங்கி நிற்கிற தண்ணீரைத் தாங்காது. சரிவில் பிறை மாதிரி வரப்புக் கட்டி, அதன் தோளில் விதை. மழைநீர் உள்ளே நின்று இறங்கட்டும், செடி மேட்டிலேயே இருக்கட்டும்.

இடைவெளி விஷயத்தில் உனக்கு வல்லநாடு பாடம் சொல்லும். தூத்துக்குடி ரோட்டில் இருக்கும் அந்த வெளிமான் சரணாலயம் 1987-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். தாமிரபரணி பக்கத்திலேயே ஓடினாலும் அந்தக் குன்றில் வளர்வது உடையும் விராலியும் முட்புதரும்தான். புதருக்குப் புதர் எவ்வளவு வெறும் தரை கிடக்கிறது என்று பார். அந்த வெறும் தரைக்கு அடியில் வேர்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர் நெருக்கமாக வைக்கச் சொல்வார். ஐந்தடிக்குக் கீழே குறைக்காதே.

பூக்கத் தொடங்கியபின் ஒரு காலைப்பொழுது அங்கேயே உட்கார்ந்து கவனி. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுந்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவிடும்போது பொடி உதிரும், இரைச்சல் உனக்கே கேட்கும். இலையைத் தின்கிற பச்சைப் புழுக்கள் பின்னால் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளாகும். புழுவைப் பார்த்ததும் மருந்தடித்தால் வண்டும் சேர்ந்து போகும். தின்ற இலையைச் செடி மறுபடி விட்டுக்கொள்ளும். தோல் பதனிடப் பட்டை வாங்கிய காலத்தில் ஆவாரையைத் தரையோடு வெட்டினார்கள், அப்போதும் தழைத்து வந்த செடிதான் இது. நீயும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், துணிந்து கவாத்து செய்யலாம்.

வீட்டுக்காரர் நிலாவாரையும் கேட்கக்கூடும். நம் ஊர்ப் பெயரில் உலகமெங்கும் மருந்துக் கடைக்குப் போகும் இலை அது, ஆனால் கடல் கடந்து வந்த பயிர். விதைத்து இலை பறிக்கத்தான் லாயக்கு, வேலிக்கு ஆகாது என்று சொல்லிவிடு.

கடைசியாகப் பணம். முதல் வருஷம் உன் வேலை முழுக்க மண்ணுக்குள்ளேதான் நடக்கும், மேலே முழங்கால் உயரக் குச்சிதான் தெரியும். இதை ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடு. கூலியில் ஒரு பங்கை இரண்டாவது ஆவணி முடிந்தபின் வாங்குவதாக எழுது. அதற்குள் காற்றும் கோடையும் இரண்டு தடவை சோதித்துவிடும். சம்மதிக்காதவர் ஆவாரை கேட்டு வந்தவர் அல்ல, உடனே பச்சை கேட்டு வந்தவர். அந்த வேலையை வேறொருவருக்கு விட்டுவிடு, பேர் கெடாமல் இருக்கும்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து
உன் அண்ணாச்சி