வியர்க்க நடங்கள், உடனே குளியுங்கள்

வியர்த்தால் உடம்பின் கழிவெல்லாம் வெளியேறி முகம் பளபளக்கும் என்று ஜிம்மில் சொல்வார்கள். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவைப் பார்த்துக்கொள்ளச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. தோலுக்கு நன்மை வேறு வழியில் வருகிறது. பயிற்சியின்போது தோலில் ரத்த ஓட்டம் கூடுகிறது. உழைக்கும் தசைகள் சுரக்கும் சில புரதங்கள் தோல் வரை போய்ச் சேருகின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், உட்கார்ந்தே பழகிய 65 வயதுக்கு மேற்பட்ட சிலரை வாரம் 2 முறை, 30 நிமிடம் பயிற்சி செய்ய வைத்தார்கள். 3 மாதத்தில் அவர்கள் தோல் நுண்ணோக்கியில் 20 முதல் 40 வயதுக்காரர்களின் தோலைப் போலத் தெரிந்தது. சின்ன ஆய்வுதான். மாதிரி எடுத்ததும் வெயிலே படாத பின்புறத்திலிருந்து! முகத்துக்கு அந்தச் சொகுசு கிடையாது.

ஆகவே முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள்: காலை 8 மணிக்குள், அல்லது மாலை 5 மணிக்குப் பிறகு. வெயிலில்தான் முடியும் என்றால், கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் பூசுங்கள். மங்கு உள்ளவர்கள் தொப்பியும் போடுங்கள். மேக்கப் வேண்டாம்.

வேகம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவில் இருக்கட்டும். வாரம் 150 நிமிடம் இலக்கு. அதோடு 2 நாள் எடை தூக்குங்கள். ஜப்பானின் ரிட்சுமெய்கன் பல்கலைக்கழக ஆய்வில் 16 வாரத்தில் இரண்டு வகைப் பயிற்சியுமே தோலின் மீள்தன்மையைக் கூட்டின. உள்தோல் தடித்தது எடைப் பயிற்சி செய்த பெண்களுக்குத்தான். வியர்வையைத் தேய்க்காமல், சொந்தத் துண்டால் ஒற்றியெடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்கப்புறம்தான். நனைந்த பனியனோடு காபி, செய்தித்தாள், வாட்ஸ்அப் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். தேமலுக்கும் படர்தாமரைக்கும் அந்த ஈரம் போதும். வீட்டுக்கு வந்ததும் உடையைக் கழற்றிக் குளியுங்கள். உடம்பு முழுக்கச் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம் போதும். விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்துவிட்டு, மற்ற இடங்களில் ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கழற்றிய உடையைத் துவைக்காமல் மறுநாள் போடாதீர்கள்.

படர்தாமரை வந்தேவிட்டால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் பக்கமே போகாதீர்கள். அரிப்பு நாலு நாளில் அடங்கும், தொற்று உள்ளுக்குள் பரவும். பிறகு தோல் மருத்துவருக்கே அதை அடையாளம் காண்பது சிரமமாகிவிடும். பயிற்சியின்போது உடம்பெல்லாம் தடித்து, மூச்சும் திணறினால் அது வேறு விஷயம். நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.