போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடிச்சாச்சு, வாடகைக்கு ரூம் பார்த்தாச்சு, போர்டு டிசைன்கூட ரெடின்னு அனுப்பியிருக்கே. கலர் எல்லாம் அழகா இருக்கு. ஆனா பேருக்குக் கீழே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்'னு இருக்கே, அதை முதல்ல எடு.

அந்தப் பட்டத்தோட தொழில் பண்ணணும்னா ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலோட பதிவேட்டுல உன் பேர் இருக்கணும். அதுக்குக் கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பு வேணும். நாங்கள்லாம் பண்ணினது ரெண்டு வருஷ எம்.ஃபில். காலையில வார்டு, மத்தியானம் ஓ.பி., எழுதின கேஸ் ஷீட்டை மேல இருக்கறவங்க சிவப்பு மையில கிழிச்சுத் தொங்க விடுவாங்க. வெறும் எம்.எஸ்ஸி. அதுக்கு ஈடாகாது. 1992 ஆர்.சி.ஐ. சட்டத்தோட 13-ஆம் பிரிவுல, பதிவில்லாம பண்ணினா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டும்னு இருக்கு. ஆயிரம் ரூபாய்தானேன்னு சிரிக்காதே, ஜெயிலும் அதே வரியிலதான் இருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ. ஒத்துக்கிட்ட தகுதின்னுதான் சொல்லுது.

உன்னை மாதிரி மத்த சைக்காலஜிஸ்டுகளை 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் பட்டியல்ல சேர்த்திருக்கு. பதிவு பண்ற வேலை மாநில கவுன்சிலோடது. அந்த அறிவிப்புகளை விடாம பார்த்துட்டே இரு. அதுவரைக்கும் போர்டுல படிச்ச படிப்பை மட்டும் போடு. வாரக்கடைசியில ஜூம்ல வாங்கின ஹிப்னோதெரபி சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டாதே, எனக்கே கூச்சமா இருக்கும்.

மாத்திரை விஷயம் சுருக்கமா: பேரைக்கூடச் சொல்லாதே. "பாதி போட்டுக்கோங்க, தூக்கம் வரும்"னும் சொல்லாதே, "அதை நிறுத்திப் பாருங்களேன்"னும் சொல்லாதே. தன் தொழிலுக்கு அனுமதியில்லாத மருந்தைப் பரிந்துரைக்கக் கூடாதுன்னு 2017 சட்டத்துல 106-ஆம் பிரிவு இருக்கு. நம்பிக்கையான ஒரு சைக்கியாட்ரிஸ்ட் நம்பரைக் கையில வச்சுக்கோ, அது போதும்.

இப்ப நிஜமான தலைவலிக்கு வரேன். நம்ம ஊர்ல வர்றது ஒருத்தர், ஃபீஸ் கட்டுறது இன்னொருத்தர். பத்தொன்பது வயசுப் பொண்ணு உன்கிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டுப் போவா. அவ பஸ் ஏறுறதுக்குள்ள அம்மா போன் பண்ணி, "என்னம்மா சொன்னா? ஏதாவது லவ்வா? என்கிட்ட மட்டும் சொல்லுங்க"ம்பாங்க. பாவமா இருக்கும். சொல்லிடாதே. பதினெட்டு முடிஞ்சவ, அவ சம்மதம் இல்லாம ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. ரகசியம் காக்கணும்னு அதே 2017 சட்டத்தோட 23-ஆம் பிரிவு சொல்லுது. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவுன்னு சில விதிவிலக்கையும் சொல்லுது. பெத்தவங்க கவலை அந்தப் பட்டியல்ல இல்லை.

இதை அம்மா போன் பண்ணினப்புறம் விளக்கினா சண்டைதான் வரும். அதனால முதல் நாளே, ஃபீஸ் கட்டுறவங்களையும் பக்கத்துல உட்கார வச்சு, எது உள்ளேயே இருக்கும், எது வெளியே போகும்னு சொல்லிடு. அதையே தமிழ்ல ஒரு பக்கம் அடிச்சு கையெழுத்து வாங்கு. ஃபீஸ் எவ்வளவு, வராத நாளுக்கு என்ன கணக்கு, ராத்திரி வாட்ஸ்அப் பண்ணினா பதில் எப்ப வரும், எல்லாம் அந்தப் பக்கத்துலயே இருக்கட்டும். குழந்தைகள் விஷயத்துல இன்னொண்ணும் சேர்த்துக்கோ: பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி நீ போலீஸுக்குத் தெரிவிச்சே ஆகணும். "வெளியில சொல்ல வேண்டாம், குடும்ப மானம்"னு அழுவாங்க. அப்பவும் தெரிவிக்கணும்.

அடுத்தது நோட்ஸ். தன்னோட மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்குற உரிமை வர்றவங்களுக்கு இருக்கு, 2017 மனநலச் சட்டத்தோட 25-ஆம் பிரிவு. அவங்களே உட்கார்ந்து படிக்கப் போறாங்கன்னு நினைச்சு எழுது. "கணவர் கொடூரமானவர்"னு எழுதாதே. "போன வாரம் கணவர் ரெண்டு தடவை அடிச்சதாச் சொன்னார், இடது முன்கையில காயம் இருந்தது"ன்னு எழுது. கேட்டது எது, நீ பார்த்தது எது, நீயா நினைக்கிறது எதுன்னு பிரிஞ்சு தெரியணும். டைவர்ஸ் கேஸ்ல வக்கீல் வந்து, "எதிர்த் தரப்பு மனநிலை சரியில்லைன்னு ஒரு லெட்டர் போதும் மேடம்"பார். நீ பார்க்காத ஆளைப் பத்தி ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதே.

லெட்டருக்கு அண்ணன் சர்டிஃபிகேட். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினா, பையனுக்கு ஸ்க்ரைப் வேணும், கூடுதல் நேரம் வேணும்னு பெத்தவங்க வருவாங்க. சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே தேவை. கற்றல் குறைபாட்டைப் பார்க்கற நிம்ஹான்ஸ் எஸ்.எல்.டி. பேட்டரி, ஐ.க்யூ. டெஸ்ட் எல்லாம் முறையா வச்சுப் பார்க்க நேரமாகும். "டெஸ்ட் வேண்டாம், நாளைக்குள்ள பேப்பர் மட்டும்"னா கதவைக் காட்டு. அதுவும் உன் கையெழுத்து அங்க செல்லாது, ஆர்.சி.ஐ. பதிவு இருக்கறவங்ககிட்ட அனுப்பிடு. டெஸ்ட் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புற வேலையும் வேண்டாம். பையன் விடையை மனப்பாடம் பண்ணிட்டு வந்தா அந்த மார்க்குக்கு அர்த்தமே இல்லை.

ஆன்லைன்ல பார்க்கறதுன்னா, ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி "இப்ப எந்த ஊர்ல, எந்த வீட்டுல இருக்கீங்க?" பக்கத்துல இருக்கற ஒருத்தரோட நம்பரும் வாங்கி வை. பேச்சு பாதியில கட் ஆகி, அவங்க கடைசியாச் சொன்னது சாகணும்கிறதா இருந்தா, முகவரி இல்லாம நீ என்ன பண்ணுவே? நீ இல்லாத நேரத்துக்கு டெலி மானஸ் 14416-ஐ எல்லாருக்கும் எழுதிக் கொடு. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசுவாங்க.

இன்ஸ்டாகிராம்ல "இன்னிக்கு ஒரு கிளையன்ட் சொன்னாங்க..."ன்னு ஆரம்பிக்காதே. பேரை மாத்தினாலும் அவங்க மாமியாருக்குப் புரிஞ்சுடும்.

கடைசியா, நம்ம வீட்டு ஆளுங்க. பெரியம்மா மருமகளை உன்கிட்ட அனுப்பறேன்னு அம்மா இப்பவே பேச ஆரம்பிச்சாச்சு. வேற ஒரு நல்ல ஆளோட நம்பரைக் கொடுத்துட்டு ஒதுங்கிடு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.