நாய்க்குட்டிகளின் சோர்வும் உடல் விறைப்பும்

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் நெற்களத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் நல்ல காவலாகும். எனினும், ஆடு மாடுகளுக்கு நோய் கண்டவுடன் வைத்தியரை நாடும் குடியானவருள்ளும் சிலர், நாய்க்குட்டி கால் விறைத்துச் சுருண்டு படுத்தால் வாதமென்று கருதி எண்ணெய் பூசிவிட்டு வாளாவிருப்பர். விறைப்பென்பது தனி நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான குறியேயாம்.

குட்டி மூன்று வாரத்துக்கு உட்பட்டதாயின் முதலில் ஐயுற வேண்டியது குளிரை. அவ்வயதில் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்குப் போதாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நனைந்த சாக்கின்மேற் கிடந்த குட்டி விறைத்துப் போவது இதனாலேயே. அதன் வாயிற் பாலை ஊற்றலாகாது. குளிர்ந்த வயிற்றிற் பால் செரியாது. புரையேறி உயிரைப் போக்குவதும் உண்டு. உலர்ந்த துணியிற் சுற்றி, சிறுகச் சிறுகச் சூடேற்றி, உடல் வெதுவெதுப்பான பின்னரே தாயிடம் பாலுண்ண விடுக.

வளர்ந்த குட்டியாயின், வாய்நீர் ஒழுகாமலும் கடிக்க வராமலும் இருந்தால், உதட்டைச் சற்றே விலக்கி ஈற்றை நோக்குக. ஈறு வெளுத்திருப்பின் இரத்தம் குறைந்துள்ளதென்று அறியலாம். இதற்குப் பெரிதும் காரணமாவது கொக்கிப்புழு. இது தாய்ப்பாலின் வழியாகவே குட்டியின் குடலிற் புகும். மலம் தார்போலக் கறுக்கும். புழுவின் முட்டை மலத்திற் காணப்படுமுன்னரே குட்டி இறத்தலும் கூடும். ஆகையால் இரண்டாம் வாரந் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரை, இரு வாரத்துக்கொருமுறை, எடைக்குத் தக்க பூச்சி மருந்தைக் கொடுத்தல் வேண்டும். தாய்க்கும் உடன் கொடாவிடிற் பயன் குறையும்.

ஈறு வெளுத்து, காய்ச்சலும் இருந்து, காதின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் உண்ணிகள் காணப்படின் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். இந்நோய்க் கிருமிகளுள் ஒன்று நம் நாட்டிலேயே முதன்முதல் அறியப்பட்டது. 1910-ல் பாட்டன் என்பவர் சென்னை வேட்டைச் சங்கத்து நாய்களின் இரத்தத்திலும், பின்னர் நரியின் இரத்தத்திலும் அதனைக் கண்டு அறிவித்தார். பாபீசியா கிப்சோனி என்று வழங்கும் அக்கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களை அழிப்பது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியிற் பூசிச் சோதித்தால் பெரும்பாலும் புலப்படும். உண்ணியை ஒழிக்க மண்ணெண்ணெய் பூசுதல் தீது. குட்டி அதனை நக்கி விஷமேறும்.

காய்ச்சலின்றி, மூட்டுப் பருத்துக் கால் வளைந்திருப்பின் குறை உணவில் உள்ளது. எட்வர்ட் மெல்லன்பி இங்கிலாந்தில் ரிக்கெட்ஸ் நோயை ஆராய்ந்து 1919-ல் வெளியிட்ட முடிவுகள் நாய்க்குட்டிகளைக் கொண்டே பெறப்பட்டவை. மீனெண்ணெய் அந்நோயைத் தடுத்தது. மனிதருக்குப்போல நாய்க்கு வெயிலால் மட்டும் வைட்டமின் டி போதிய அளவு உண்டாவதில்லை. வெறுஞ்சோறும் கஞ்சியும் போதா; அவித்த முட்டையும் ஈரலும் சிறிது சேர்க்க; சுண்ணாம்புச் சத்தை வைத்தியர் சொல்லும் அளவிற் கொடுக்க.

வாந்தியும் இரத்தக் கழிச்சலும் சேர்ந்தால் பார்வோ நோயாகலாம். ஓரிரு நாளில் முடிந்துவிடுமாதலால் காத்திருத்தல் ஆகாது. புண்பட்ட குட்டியின் காது நிமிர்ந்து, நெற்றி சுருங்கி, உடல் மரம்போல் விறைப்பின் அது தனுர்வாதம். எதுவாயினும் மனிதருக்குரிய வலி மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. அவை நாயின் ஈரலையும் குடலையும் கெடுக்கும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது வெறிநோய். வெறிகொண்ட நாய் ஓடிக் கடிக்குமென்றே பலர் எண்ணுவர். ஊமையாய்ச் சோர்ந்து கிடக்கும் வகையும் உண்டு. குட்டியும் அதற்கு விலக்கன்று. பின்னங்கால் தள்ளாடி, தாடை தொங்கி, குரல் மாறி, வாய்நீர் ஒழுகினால், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாயிற் கைவிடலாகாது. குழந்தைகளை உடனே விலக்கி, குட்டியைத் தனியே அடைத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க. பல்லோ நகமோ பட்டிருப்பினும், புண்ணில் எச்சில் பட்டிருப்பினும், அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசினர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டுக்கொள்க. குட்டி இறந்துவிட்டதென்று ஊசியை நிறுத்தலாகாது.