ஆண்டுக் கடைசி மழையும் நம் வீட்டுச் செடிகளும்

தங்கச்சிகளே, நவம்பர் பிறந்தால் போதும், குளிர்காலத்தில் செடிகளைக் காப்பது எப்படி என்று கைப்பேசியில் வீடியோக்கள் வந்து குவியும். துணியால் போர்த்து, பிளாஸ்டிக்கால் மூடு என்பார்கள். உறைபனி விழும் ஊருக்கு அது சரி. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1978-இல் கேமரன் மலையில். மலாக்காவில் விடியற்காலைக் குளிருக்கு எந்தச் செடியும் சாகாது. சாகடிப்பது வேரடியில் தேங்கும் தண்ணீர். வெயிலே இல்லாத நாள்களில் பிளாஸ்டிக்கால் மூடினால் உள்ளே புழுங்கி இலையில் பூஞ்சைதான் பிடிக்கும். தயவு செய்து மூடாதீர்கள்.

முதலில் கறிவேப்பிலை. நாலு நாள் விடாமல் மழை பெய்ததும் அடி இலை மஞ்சளாகும். உடனே உரம் போட ஓடாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் செடிக்குப் பசி இல்லை, வேர் மூச்சு முட்டித் தவிக்கிறது. தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு மெதுவாக வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறிக் கிடக்கும். இழுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிட்டு, மண்ணோடு ஆற்று மணலும் எரித்த உமியும் கலந்து திரும்ப நடுங்கள். நர்சரியில் ‘செக்காம் பாக்கார்’ என்று கேட்டால் உமி கிடைக்கும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடி ஓட்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரமே வேண்டாம்.

தரையில் நடுகிறவர்கள் நம் மண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். செம்மண்ணும் கற்குருணையும் கலந்த இந்த வகைக்கு மண் ஆய்வாளர்கள் ‘மலாக்கா சீரிஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புதுத் தாமான் வீடுகளில் கட்டட இடிபாடும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். அங்கே குழி வெட்டி நட்டால் குழியே கிணறாகிவிடும். மேடு கட்டி நடுங்கள். ஜாசின், புக்கிட் அசஹான் பக்கம் லயத்துக்குப் பின்னால் காய்கறி போட்டவர்களைக் கேளுங்கள், பாத்தியை உயர்த்தி ஓரத்தில் வாய்க்கால் இழுக்காமல் விதையே போடமாட்டார்கள். மழை நாளில் பால்மரம் வெட்ட முடியாது. வாய்க்காலைத் தூர் வார அந்த நாள் தோது. பப்பாளிக்கு மேடு கட்டாயம், இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே சாய்ந்துவிடும். 2022 ஜனவரித் தொடக்கத்தில் அலோர் காஜா, ஜாசின் பக்கம் வெள்ளம் வந்ததே, அப்படிப்பட்ட மழைக்கு லொங்காங்கில் குப்பை அடைத்திருந்தால் எந்த மேடும் தாங்காது.

மிளகாய்ப் பழத்தில் குழி விழுந்த கரும்புள்ளி தெரிந்தால் அன்றைக்கே பறித்துக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போதுதான் நோய் செடிக்கு ஏறுகிறது. வெட்டிக் காயவைத்த லாலான் புல்லை அடியில் பரப்புங்கள், தண்டைத் தொடாமல் ஒரு கை தள்ளி. துளசித் தொட்டியைக் காலை வெயில் படும் தாழ்வாரத்துக்கு நகர்த்தினால் போதும். நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கலாம். வெறுங்கையால் தொடவே கூடாது, மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.

தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளை இந்த மாதங்களில் எடுத்தே விடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கி வந்த வீட்டில் செடியைப் பற்றி யார் நினைப்பார்கள்?

பொங்கல் வாக்கில் மழை விலகி, நம் பக்கம் வெயில் காய ஆரம்பிக்கும். 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி, மாநிலமே குழாய்த் தண்ணீருக்குத் தவித்ததை வீட்டில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் கூரைத் தண்ணீரை இப்போதே டிரம்மில் பிடித்து, வாயை நெருக்கமான வலையால் இறுக்கிக் கட்டிவையுங்கள். லாலான் மூடாக்கை எடுக்க வேண்டாம், வெயிலுக்கும் அதுதான் உதவும். மழையில் நனைந்தே பழகிய செடிக்கு முதல் இரண்டு வாரம் காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று பழைய பூஞ்சை திரும்ப வரும்.