கணக்குக்கு மேசை, படத்துக்குக் கூடாரம்

? விசைத்தறிக் கணக்கு எழுதவும் இரவில் படம் பார்க்கவும் 360 டிகிரி மடங்கும் தொடுதிரை லேப்டாப் வாங்கியிருக்கிறேன். எப்படிப் புழங்குவது?
– வாசகர், சங்கரன்கோவில்

! 2012-இல் லெனோவோவின் ‘யோகா’ வந்தபின் பரவலான வடிவம் இது. கணக்கு எழுதும்போது சாதாரண லேப்டாப்பாகவே வையுங்கள். எக்செல் கட்டங்கள் விரலுக்கு அடங்காது. சேலை டிசைன்மேல் குறிப்பெழுதப் பேனா உதவும், உங்கள் மாடல் அதை ஏற்குமானால். படத்துக்குக் கூடாரம்போலக் கவிழ்த்து நிறுத்துங்கள். டேப்லெட்டாகக் கையில் பிடித்தால் ஒன்றரைக் கிலோ கனம், இடைவேளைக்குள் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும்.

உங்கள் ஊரில் இதற்கு முதல் எதிரி பஞ்சுத்தூசி. காற்றுத்துளையில் அது அடைந்தால் உள்விசிறி இரையும், சூடேறும், வேகம் குறையும். தறிக்கூடத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், மெத்தைமேல் வைத்தும் ஓட்டாதீர்கள். மூலையைப் பிடித்து இழுக்காமல், நடுவில் பிடித்துத் திறந்தால் கீல் நீடிக்கும்.

கீழே விழுந்து திரை உடைந்தால் சாதாரண வாரண்டி கைகொடுக்காது. தொடுதிரையில் கண்ணாடியை மட்டும் மாற்றுவது அரிது. பெரும்பாலும் முழுத் திரைக்கும் செலவு வைக்கும். விபத்துச் சேதக் காப்பு கிடைத்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.