பஞ்சாங்க வார்த்தைகள் பழகுவோம்



குழுவில் உள்கடன் கேட்கும்போது பிள்ளைங்க படிப்பு, வைத்தியம், வலை, மீன் வியாபாரம் என்று காரணம் சொல்கிறோம். சில நேரம், "பொண்ணு ஜாதகத்தில் தோஷமாம், பரிகாரம் பண்ணணும்" என்றும் கேட்கிறோம். தோஷம்னா என்ன, அதை எப்படிக் கணக்குப் போடறாங்க என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. வார்த்தை புரியாததால் பயம் வருது. பயத்தில் பணம் போகுது. சில வீட்டில் பொண்ணோட கல்யாணமே தள்ளிப் போகுது.

ஜாதகம் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம். ஆனால் வார்த்தை தெரிந்தால் கேள்வி கேட்கலாம். அதற்குத்தான் இந்தப் பாடம்.

1. பஞ்சாங்கம்

பஞ்சம் என்றால் இங்கே ஐந்து. அங்கம் என்றால் உறுப்பு. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே பஞ்சாங்கம். வாரம் என்பது கிழமை.

திதி என்பது நிலாவின் வயசு. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை வளர்பிறை, 15 திதி. பிறகு தேய்பிறை, 15 திதி. எட்டாவது திதி அஷ்டமி. அன்று பாதி நிலா தெரியும்.

கடற்கரையில் இருக்கிற நமக்கு இது புதுசு இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றமும் வற்றமும் அதிகமாக இருக்கும். சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருவதால், சூரியனும் நிலாவும் சேர்ந்து கடலை இழுக்கின்றன. அஷ்டமியை ஒட்டி இது குறையும்.

2. நட்சத்திரம்

நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். "பொண்ணு ரோகிணி நட்சத்திரம்" என்றால், அவள் பிறந்த நேரத்தில் நிலா ரோகிணிப் பங்கில் இருந்தது என்று அர்த்தம்.

இவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறேழு சின்னப் புள்ளிகள் கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதன் பக்கத்தில் செம்மையாக மின்னுவது ரோகிணி. ஆனி, ஆடி மாத இரவில் தெற்கே தேள் போல ஓர் உருவம் தெரியும். தேளின் உடம்பில் சிவப்பாக இருப்பது கேட்டை. அதன் கொடுக்குதான் மூலம்.

மாசி மகத்தன்று இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவதும், அங்கேயே கல்யாணம் நடத்துவதும் நமக்குத் தெரியும். அந்தச் சமயம் முழு நிலா, மகம் நட்சத்திரத்தின் பக்கமாகக் கடலிலிருந்து எழும். மாசி மகம் என்ற பெயருக்குக் காரணம் அதுதான். தைப்பூசம், பங்குனி உத்திரமும் இப்படியே.

3. ராசி, லக்கினம், கிரகம்

சூரியன் போகும் வழியை 12 பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு ராசி. குழந்தை பிறக்கும் நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி உதிக்கிறதோ அது லக்கினம். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லக்கினம் மாறும். பிறந்த நேரம் தவறினால் லக்கினமும் தவறிவிடலாம்.

கிரகம் ஒன்பது என்று சொல்வார்கள். இதில் ராகு, கேது என்று வானத்தில் உருண்டை எதுவும் கிடையாது. சூரியன் பாதையும் நிலா பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் அவை. விடியலில் கடலுக்குப் போகிறவர்கள் பார்க்கும் விடிவெள்ளிதான் சுக்கிரன். செவ்வாய் சிவப்பாகத் தெரியும். இந்தியா அனுப்பிய மங்கள்யான் 2014 செப்டம்பர் 24ஆம் தேதி செவ்வாயைச் சுற்றத் தொடங்கி, படம் எடுத்து அனுப்பியது. அந்தச் சிவப்பு, துருப்பிடித்த இரும்பு கலந்த மண்ணின் நிறம்.

4. தோஷம்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

லக்கினத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் செவ்வாய் தோஷம் என்கிறார்கள். மொத்தம் 12 வீடு. அதில் 5 வீடு தோஷம். அப்படியானால் 12 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு இது வரும். ஆம்பளைப் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். சந்திரனிலிருந்தும் எண்ணினால் இன்னும் கூடும். அதனால்தான் ஜோதிடத்திலேயே பல விதிவிலக்கு சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து மூலம். "பொண்ணு மூலம், மாமனாருக்கு ஆகாது" என்று சம்பந்தத்தைத் தட்டிவிடுகிறார்கள். நிலா ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரு நாள் மூலத்தில் இருக்கும். அப்போது பிறக்கிற எல்லாக் குழந்தையும் மூலம்தான். அதாவது 27 பேரில் ஒருத்தர். நம்ம ஊரில் எத்தனை மருமகள்கள்? அதில் மூலத்தில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் மாமனார்கள் எல்லாம் போய்விட்டார்களா? திண்ணையில் உட்கார்ந்து பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

நிலா எங்கே நிற்கிறது என்பது கணக்கு. அதை யாரும் வானத்தில் சரிபார்க்கலாம். அதனால் இன்னாருக்கு ஆகாது என்பது பலன். அதற்கு அப்படி ஒரு சாட்சி வானத்தில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியவை

• தினசரி காலண்டரில் இன்றைய திதி, நட்சத்திரம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ராத்திரி நிலாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

• குழுவில் யார் யாருக்கு எந்த நட்சத்திரம் என்று கேட்டு எழுதுங்கள்.

• பரிகாரத்துக்குக் கடன் கேட்டு ஒரு சகோதரி வந்தால் கோபப்படாதீர்கள், கேலி செய்யாதீர்கள். "என்ன தோஷம்? எத்தனையாவது வீடு? விதிவிலக்கு உண்டான்னு கேட்டீங்களா அக்கா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதிலைக் கேட்டபிறகு எல்லோரும் பேசித் தீர்மானம் எழுதுங்கள்.